கதையில் எல்லாம் நடந்தது, கதை மட்டும் நடக்கவில்லை

நான்கு வருடம் ஒரு மாதம். ஒரே நாவலை மூன்று தடவை முதலிலிருந்து கடைசிவரை எழுதி, மூன்றையும் ஓரமாகத் தூக்கி வைத்த கணக்கு இது. நடுவில் ஒன்றரை மாதச் சம்பளம் ஒரு ஆன்லைன் வகுப்புக்கும் கைப்பிரதி மதிப்பீட்டுக்கும் போனது தனி. பணம் போனதுகூடப் பரவாயில்லை, விடியற்காலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, வேலைக்குப் போவதற்குள் இரண்டு பக்கம் எழுதிய அந்த நாட்களை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல். கதைப்பின்னல் என்றால் என்ன, முரண் என்றால் என்ன என்று எனக்கு யாருமே சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். நிறையப் பேர் சொன்னார்கள், படம் போட்டும் காட்டினார்கள். நான்தான் அதைத் தப்பான முனையில் பிடித்துக்கொண்டேன். அதே முனையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் வேறு சிலரையும் பிறகு பார்த்ததால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நாவல் ஒரு சர்வேயரைப் பற்றியது. ஓய்வு பெற்றவர், கண்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன்னால் நிலம் அளக்கும்போது, தன்னை வளர்த்த அண்ணனுக்குச் சாதகமாக எல்லைக்கல்லைச் சில அடி தள்ளி நட்டவர். அந்தச் சில அடியில் பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. இதுதான் என் மனதில் முதலில் விழுந்த விதை, இன்றைக்கும் நல்ல விதை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முதல் டிராஃப்டில் இந்த எல்லைக்கல் விஷயம் எங்கே வருகிறது தெரியுமா, 212ஆம் பக்கத்தில். அதற்கு முன்னால் சர்வேயரின் பிள்ளைப்பருவம், படிப்பு, முதல் வேலை, கல்யாணம், வெள்ளம், மாடு செத்தது, மகளுக்கு நிச்சயித்த இடம் முறிந்தது என்று ஒரு வாழ்க்கையே வரிசையாக நடக்கிறது. இரண்டு வருடம் இரண்டு மாதம் எழுதினேன், 412 பக்கம். எழுதி முடித்த அன்றைக்கு நான் அழுதேன். வீட்டில் எல்லோரும் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

முதலில் படிக்கக் கொடுத்தது என் கல்லூரித் தோழிக்கு. அவள் எழுதுகிறவள் இல்லை, ஆனால் வெறித்தனமாகப் படிப்பாள். மூன்று வாரம் சத்தமே இல்லை. நானே கூப்பிட்டுக் கேட்டேன். 90ஆம் பக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னாள். "நல்லாத்தான்டி எழுதியிருக்க, ஒவ்வொரு பக்கமும் நல்லாத்தான் இருக்கு. ஆனா புத்தகத்த மூடி வச்சா மறுபடி எடுக்கணும்னு தோணல. என்னென்னவோ நடக்குது, ஆனா அந்த ஆளுக்கு என்னதான் வேணும்?" அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாழ்க்கையில் எல்லோருக்கும் ஏதாவது வேண்டும் என்றிருக்கிறதா, இது யதார்த்தமான எழுத்து, பொழுதுபோக்குக் கதை இல்லை என்றெல்லாம் அவளிடம் வாதாடினேன். அவள் சரி சரி என்று விட்டுவிட்டாள். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் வாசகரிடம் "பிடித்ததா" என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், மறுபடி எடுக்க எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். பக்க எண்ணுக்கு முகதாட்சண்யம் கிடையாது.

கோபம் ஆறியதும் அவள் சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், கதையில் போதிய மோதல் இல்லை என்று. எழுத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் 'கான்ஃப்ளிக்ட்' வேண்டும், கான்ஃப்ளிக்ட் இல்லாமல் கதை இல்லை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதைத் தமிழில் நான் மோதல் என்றுதான் மனதுக்குள் மொழிபெயர்த்து வைத்திருந்தேன். முழுத் தப்பும் அந்த ஒரு சொல்லில் இருந்து கிளம்பியது என்று சொன்னால்கூட மிகையில்லை. மோதல் என்றதும் என்ன தோன்றும்? சண்டை, கைகலப்பு, கோர்ட், பழிவாங்கல். எனவே இரண்டாவது டிராஃப்டில் வைக்கோல்போருக்குத் தீ வைத்தேன். சர்வேயருக்கும் மருமகனுக்கும் அடிதடி வைத்தேன். ஒரு வழக்கு, ஒரு தலைமறைவு, மழையில் ஒரு துரத்தல். பதினோரு மாதம் இதற்குப் போனது. எழுதும்போது விறுவிறுப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் முடித்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் படித்தால், முன்னால் சோம்பலாக இருந்தது இப்போது சத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தோழி இந்தத் தடவை 60ஆம் பக்கத்தில் நிறுத்தினாள்.

முரண் என்ற சொல்லை நான் பிடித்திருந்தால் இந்தப் பதினோரு மாதம் மிஞ்சியிருக்கும். முரணுக்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்க முடியாது என்கிற நிலைமை போதும். ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமல் இருப்பதில் முரண் இருக்கலாம். இரண்டு பேர் கத்தியோடு உருளுகிற காட்சியில் சுத்தமாக இல்லாமலும் இருக்கலாம், யார் ஜெயித்தால் என்ன மாறும் என்று தெரியாவிட்டால். என் வைக்கோல்போர் எரிந்ததில் யாருக்கும் எதுவும் மாறவில்லை. அடுத்த அத்தியாயத்தில் அவர்கள் வழக்கம்போல எழுந்து நடமாடினார்கள். இப்போது ஒரு காட்சியில் முரண் இருக்கிறதா என்று பார்க்க நான் செய்வது ஒன்றுதான். அந்தக் காட்சியை முழுதாகத் தூக்கிவிட்டு அடுத்ததைப் படிக்கிறேன். ஒன்றுமே குறையவில்லை என்றால் அது வெறும் சத்தம்.

மூன்றாவது கட்டம்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருப்பது, பணமும் இதில்தான் போனது. எனக்குத் திறமை இருக்கிறது, இலக்கணம்தான் இல்லை என்று முடிவு செய்து, கதைக் கட்டமைப்பைச் சொல்லித்தருகிற ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு வாரம். நடத்தியவர் கெட்டவர் என்றெல்லாம் இல்லை, நிறைய வரைபடங்கள் கொடுத்தார். மலை மாதிரி ஒன்று, வட்டமாக ஒன்று, மூன்று கட்டமாக ஒன்று. கதையில் எத்தனை சதவீதத்தில் எந்தத் திருப்பம் வரவேண்டும் என்று அட்டவணையும் இருந்தது. நான் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சர்வேயரை எடுத்து அந்த மலைமேல் ஏற்றினேன். 25 சதவீதத்தில் முதல் திருப்பம், 50இல் நடுத் திருப்பம், 75இல் எல்லாம் இருண்டுபோகிற இடம், 90இல் உச்சம். பக்கங்களை எண்ணி எண்ணி நறுக்கினேன். ஒரு வருடம். பிறகு மதிப்பீட்டுக்குக் கொடுத்தேன், அதற்குத் தனிக் கட்டணம். எட்டுப் பக்க அறிக்கை வந்தது. கட்டமைப்பு மிகச் சரியாக இருக்கிறது, ஆனால் பாத்திரங்கள் அட்டவணைப்படி நடக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகக் கொடுத்த பணம் வீண் இல்லை என்று இப்போது சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

இந்த வரைபடங்கள் எங்கிருந்து வந்தன என்று முன்பே தேடிப் பார்த்திருந்தால் இவ்வளவு பயபக்தி வந்திருக்காது. அந்த மலை வடிவம் குஸ்தாவ் ஃப்ரைடாக் என்ற ஜெர்மானியர் 1863இல் எழுதிய நாடகக் கலை நூலில் இருந்து வருவது. கிரேக்க நாடகங்களையும் ஷேக்ஸ்பியரையும் பார்த்து, ஐந்து பகுதிகளாக, துன்பியல் நாடகத்துக்காக அவர் வரைந்தது. அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், அழிவு. வேடிக்கை என்னவென்றால், அவருடைய உச்சம் நட்டநடுவில் இருக்கிறது, கடைசியில் இல்லை. நாயகனின் விதி திரும்புகிற இடம் அது, அதற்குப் பிறகு பாதி நாடகம் சரிவுதான். நாம் இன்று கிளைமாக்ஸ் என்றால் கடைசிப் பத்து நிமிடம் என்று நினைக்கிறோம், அதே மலையின் உச்சியை வலது பக்கம் இழுத்து வைத்துவிட்டு அவர் பெயரையே போட்டுக்கொள்கிறோம். மூன்று கட்ட அட்டவணையோ திரைக்கதையில் இருந்து வந்தது. சிட் ஃபீல்ட் 1979இல் எழுதிய கையேட்டில், 120 பக்கத் திரைக்கதைக்கு முதல் திருப்பம் 25 முதல் 27ஆம் பக்கத்துக்குள், இரண்டாவது 85 முதல் 90க்குள் என்று சொல்கிறார். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கில், தியேட்டரில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருப்பவரின் பொறுமையை வைத்துப் போட்ட கணக்கு அது. நாவல் படிப்பவர் அப்படி உட்கார்வதில்லை, பாதியில் தூங்குவார், ஒரு வாரம் கழித்து வருவார். இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நாவலின் தலையில் சுமத்தினேன் நான். வரைபடம் பொய் என்று சொல்லவில்லை. எழுதி முடித்த கதைக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிக்க அது நன்றாக உதவும், எக்ஸ்ரே மாதிரி. எக்ஸ்ரேயைப் பார்த்து யாரும் ஆளைச் செய்ய முடியாது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் எதுவும் எழுதவில்லை. எழுதுவதைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவேன். பொறாமை வேறு, யாராவது புத்தகம் வெளியிட்டால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கட்டம் எல்லோருக்கும் வரும்போல, வந்தால் தனக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பி வந்தது தற்செயலாகத்தான். சிலப்பதிகார உரையை வேறு எதற்கோ புரட்டிக்கொண்டிருந்தபோது, உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளை, அதாவது கதை வளர்கிற ஐந்து கட்டங்களை, சொல்கிற இடம் கண்ணில் பட்டது. முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். இதையும் ஒரு வரைபடம் என்று தாண்டிப் போயிருப்பேன், ஆனால் மனிதர் இதற்கு மலையைச் சொல்லவில்லை, வயலைச் சொல்கிறார். உழுத புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கருப்பொதிந்து நிற்பது கருப்பம். கதிர் திரண்டு முற்றுவது விளைவு. அறுத்துப் போரடித்துத் தூற்றிக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். ஐந்து ஐந்துதான், ஃப்ரைடாக் சொன்னதும் ஐந்து. ஆனால் மலையில் ஏறுகிறவன் வேறு, மலை வேறு. வயலில் அப்படி இல்லை, முதலில் போட்ட விதையேதான் கடைசியில் வாய்க்கு வருகிறது. நான் என்ன செய்திருந்தேன் என்றால், விதையை 212ஆம் பக்கத்தில் போட்டுவிட்டு, அறுவடைக்கு வேறு எங்கிருந்தோ வைக்கோல் கொண்டுவந்து கொளுத்தியிருந்தேன். அன்று இரவு ரொம்ப நேரம் தூங்கவில்லை, இந்தத் தடவை சந்தோஷத்தில்.

மறுநாள் செய்ததுதான் இந்த முழு அனுபவத்திலும் உருப்படியான வேலை. மூன்றாவது டிராஃப்டில் இருந்த 74 காட்சிகளையும் தனித்தனி அட்டையில் ஒரே வரியாக எழுதினேன். தரையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவில் என்ன சொல் போட்டால் பொருந்தும் என்று பார்த்தேன். அப்புறம், அதனால், ஆனால். இந்த மூன்று சொல்தான். மொத்தம் 73 இடைவெளி. அதில் 46 'அப்புறம்', 17 'அதனால்', 10 'ஆனால்'. வெள்ளம் வந்தது, அப்புறம் மாடு செத்தது, அப்புறம் மகள் கல்யாணம் நின்றது, அப்புறம் கண் மங்கியது. அட்டவணைப்படி எல்லாம் சரியான சதவீதத்தில் இருந்த டிராஃப்ட் இது என்பதை மறக்க வேண்டாம். 25ஆம் சதவீதத் திருப்பம்கூட ஒரு 'அப்புறம்'தான். குழந்தைக்குக் கதை சொல்லும்போது, அப்புறம் என்ன ஆச்சு என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருக்கும், நாமும் சொல்லிக்கொண்டே இருக்கலாம், நாவல் படிக்கிற பெரியவர் அவ்வளவு நல்லவர் இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் நாவலைப் பற்றி வெளியிட்ட நூலில் சொல்கிற புகழ்பெற்ற உதாரணமே இதுதான். அரசன் செத்தான், அப்புறம் அரசி செத்தாள் என்றால் அது கதை. அந்தத் துக்கத்தில் அரசி செத்தாள் என்றால் அது கதைப்பின்னல். இன்னும் பின்னால் போனால் அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன்பே, ஒன்றால் இன்னொன்று நடப்பதும் ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடப்பதும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். ஒரே மனிதனைப் பற்றியது என்பதால் மட்டும் கதை ஒன்றாகிவிடாது என்றும் சொல்கிறார். ஒரு மனிதனின் முழு வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து எழுதினால் நாவல் ஆகிவிடும் என்று நம்பி 412 பக்கம் எழுதினவளுக்கு இதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

'அதனால்' மட்டும் போதாது என்பது அடுத்து புரிந்தது. மழை பெய்தது, அதனால் வெள்ளம் வந்தது என்பதிலும் அதனால் இருக்கிறது, கதை இல்லை. அந்த அதனாலுக்கு உள்ளே ஒரு மனிதர் ஏதாவது முடிவெடுத்திருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க சிலப்பதிகாரத்தையே அட்டை போட்டுப் பார்த்தேன், ஏற்கெனவே கையில் இருந்ததே. கோவலன் எல்லாவற்றையும் இழந்து திரும்பி வருகிறான், கண்ணகி சிலம்பைத் தருகிறாள், அதை விற்று வாணிகம் செய்ய இருவரும் மதுரை போகிறார்கள், அங்கே சிலம்பைக் காட்டுகிற பொற்கொல்லன் அரசியின் சிலம்பைத் திருடியவன், பழியைத் தள்ள ஆள் தேடிக்கொண்டிருப்பவன். அரசி ஊடிப் போயிருக்கிறாள், அவளைச் சமாதானம் செய்யும் அவசரத்தில் போகிற அரசன் விசாரிக்காமல் உத்தரவு போடுகிறான். ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ ஒருவர் ஒன்றைச் செய்திருக்கிறார், செய்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பொற்கொல்லன் எதிர்ப்பட்டது தற்செயல்தானே என்று கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். தற்செயலால் ஒருவர் சிக்கலில் மாட்டினால் வாசகர் ஏற்றுக்கொள்கிறார், தற்செயலால் சிக்கலிலிருந்து வெளியே வந்தால் மட்டும் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார். அரிஸ்டாட்டிலும் மேலிருந்து தெய்வத்தை இறக்கி முடிச்சவிழ்க்கிற நாடகங்களைக் குறைதான் சொல்கிறார். என் இரண்டாவது டிராஃப்டில் வழக்கை முடித்து வைத்தது, எதிரியின் வக்கீலுக்கு வந்த மாரடைப்பு. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்தச் சிலம்பு உடைகிற இடத்தையும் பாருங்கள். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் உண்மை தெரிகிறது, தெரிந்த அந்த நொடியே அரசனின் நிலை தலைகீழாகிறது. அறிதலும் புரட்டலும் ஒன்றாக வருகிற இடம்தான் உயர்ந்தது என்று அரிஸ்டாட்டில் கிரேக்க நாடகத்தை வைத்துச் சொல்வது இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. நான் 75 சதவீதம் 90 சதவீதம் என்று தேடிக்கொண்டிருந்தது உண்மையில் இதைத்தான். உச்சம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதைவிட, அதில் யாருக்கு என்ன தெரியவருகிறது, தெரிந்த பிறகு அவர் முன்பு இருந்த மாதிரி இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

சரி, முரணின் வகைகளுக்கு வருகிறேன். மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் அவன் மனதுக்கும், மனிதனுக்கும் சமூகத்துக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், விதிக்கும், இயந்திரத்துக்கும் என்று ஒரு பட்டியல் எல்லா வகுப்பிலும் கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். நான் அதைச் சாமான் பட்டியல் மாதிரி எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டேன். இயற்கைக்கு வெள்ளம், சமூகத்துக்கு வழக்கு, மனிதனுக்கு மருமகன், விதிக்குக் கண்பார்வை. எல்லாம் தனித்தனியாக நின்றன, ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்கவில்லை. இந்தப் பட்டியலின் உண்மையான உபயோகம் வேறு என்று இப்போது நினைக்கிறேன். உங்கள் கதையில் எது மூல முரண் என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, மற்றவை அதைத் தள்ளுகின்றனவா என்று கேட்க அது உதவும். தள்ளாதவற்றை வெளியே அனுப்பிவிடலாம்.

என் கதையில் மூல முரணைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது, அதுவும் ஒரே கேள்வியில். தோழி முதல் நாளே கேட்ட கேள்வி, அந்த ஆளுக்கு என்ன வேண்டும். நான் அதற்கு இரண்டு பதில் எழுதும்படி என்னையே கட்டாயப்படுத்திக்கொண்டேன். ஒன்று, கண் முழுதாகப் போவதற்குள் அந்தக் கல் நிஜமாக எங்கே இருக்க வேண்டும் என்று தன் கையாலேயே காட்டிவிட வேண்டும். இரண்டு, படுக்கையில் கிடக்கிற அண்ணன் நிம்மதியாகப் போக வேண்டும். இரண்டுமே நல்ல ஆசை, ஒன்று நடந்தால் மற்றது நடக்காது. எழுதிப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வில்லனே வேண்டாம்! மருமகனைத் தூக்கினேன், வைக்கோல்போரைத் தூக்கினேன், வழக்கைத் தூக்கினேன். வெள்ளத்தை வைத்துக்கொண்டேன், ஏனென்றால் வெள்ளம் வந்தால் எல்லைக்கற்கள் புரண்டுபோகும், மறு அளவைக்கு ஆள் வருவார்கள், பழைய இடம் தெரிந்த ஒரே ஆள் நம்முடையவர். இப்போது அந்த வெள்ளத்துக்கு வேலை இருக்கிறது. கண்பார்வையும் விதியாக நிற்காமல் கெடுவாக மாறிவிட்டது, இத்தனை மாதத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சொன்னாலும் காட்ட முடியாது. கிணற்றை இழந்த குடும்பத்தின் மகன் அதே ஊருக்கு ஆசிரியராக வருகிறான், அவன் சண்டை போடவே வேண்டாம், தினமும் மரியாதையாக வணக்கம் சொன்னால் போதும், அவர் செத்துச் செத்துப் பிழைப்பார்.

இதை நீங்கள் முயன்று பார்ப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. "அவருக்கு நிம்மதி வேண்டும்", "அவளுக்குச் சுதந்திரம் வேண்டும்" என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். நான் முதல் நான்கு வாரம் அதைத்தான் செய்தேன். நிம்மதியைக் கண்ணால் பார்க்க முடியாது, கிடைத்ததா இல்லையா என்று வாசகருக்குத் தெரியாது. கல்லைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்றால் தெரியும், தொட்டாரா தொடவில்லையா. உள்ளே இருக்கிற ஆசைக்கு வெளியே ஒரு பொருள் வேண்டும், அது கல்லாக இருக்கலாம், சிலம்பாக இருக்கலாம், ஒரு கையெழுத்தாக இருக்கலாம்.

எல்லாக் கதைக்கும் முரண் கட்டாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன், இந்த இடத்தில் என் வகுப்பு ஆசிரியரோடு எனக்கு உடன்பாடு இல்லை. சீனத்து நாலடிப் பாட்டிலிருந்து வந்து ஜப்பானில் 'கிஷோதென்கெத்சு' என்று வழங்குகிற நான்கு பகுதி அமைப்பு ஒன்று இருக்கிறது. தொடக்கம், தொடர்ச்சி, திருப்பம், இணைப்பு. மூன்றாவது பகுதியில், சம்பந்தமே இல்லாதது போல ஒன்று வரும், நான்காவதில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது முதலில் பார்த்ததே வேறாகத் தெரியும். யாரும் யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை. என்னுடைய ஒரு சிறுகதை, முரண் இல்லை என்று நானே கிடப்பில் போட்டது, இதைத் தெரிந்துகொண்டு படித்தபோது சரியாகத்தான் இருந்தது. ஆனால் சிறுகதைக்கு இது தாங்கும், நீண்ட நாவலை முழுதும் இதில் நிறுத்துவது கடினம் என்பது என் அபிப்பிராயம், மாற்றுக் கருத்து இருக்கலாம். முதல் டிராஃப்டைக் காப்பாற்ற இந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள நான் ஒரு வாரம் முயன்றேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான்காவது டிராஃப்ட் பதினான்கு மாதம். 238 பக்கத்தில் முடிந்தது. கல் விஷயம் இரண்டாம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ரகசியத்தை முன்னாலேயே சொல்லிவிட்டால் என்ன மிச்சம் இருக்கும் என்று பயந்தேன், ஆனால் வாசகருக்குத் தெரிந்து அண்ணனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஒவ்வொரு காட்சியையும் இழுத்துப் பிடித்தது. அட்டைகள் 41. நடுவில் இருந்த 40 இடைவெளியில் 'அப்புறம்' 5, அவற்றைத் தெரிந்தே விட்டேன், மூச்சு விட இடம் வேண்டும். அட்டைகளை எழுதுவதற்கு முன்னால் போடவில்லை, ஒவ்வொரு பத்துக் காட்சி முடிந்ததும் போட்டுப் பார்த்தேன், எனக்கு அப்படித்தான் ஒத்துவந்தது. முன்கூட்டியே முழுதாகத் திட்டம் போட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்குப் பொறாமைதான்.

தோழிக்கு ஒரு வெள்ளிக்கிழமை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரைக்கு போன். எடுத்ததும் ஹலோகூடச் சொல்லவில்லை. "அண்ணனுக்கு முன்னாடியே தெரியுமாடி? அந்தக் கல்லு விஷயம் அவருக்கு ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்தானே?" என்றாள். நான் அப்படி எழுதவே இல்லை. எழுதும்போது எனக்கே அது தோன்றவில்லை. போனை வைத்துவிட்டு எழுந்து போய் அண்ணன் வருகிற பதினொரு காட்சிகளின் அட்டைகளை மட்டும் தரையில் எடுத்துப் பரப்பினேன்.